மணிக்கோபுரத்துக்கா, பெற்றோலுக்கா? – வாசகர் கேள்வி பதில்

கிராமத்துச் சபைகளில் சுவாமிமார், போதகர்கள் போன்ற ஊழியர்கள் நிலைக்காமல் போவதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த பிறகு இந்த மாதம் வேறு எதையும் எடுக்க மனம் வரவில்லை. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், சுயாதீன சபைக்காரர், இந்துச் சகோதரர் ஒருவர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். நான் மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கப் பாடசாலையில் படிப்பித்து, ஓய்வுக்குப் பிறகு சேகரத்து (பல மெதடிஸ்த சபைகள் சேர்ந்த வட்டாரத்து) கணக்குப் பார்க்கிறவன், அதனால் இரண்டு வீட்டுச் சங்கதியும் ஓரளவு தெரியும். பெயர் போட வேண்டாம் என்று அநேகமானோர் கேட்டதால் ஒருவருடைய பெயரையும் போடவில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அப்பாவின் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில். அங்கே உள்ள சின்னக் கத்தோலிக்கக் கோயிலுக்கு அவர் நினைவாக மணிக்கோபுரம் கட்டிக் கொடுக்கச் சகோதரங்கள் எல்லாரும் சேர்ந்து காசு ஒதுக்கியிருக்கிறோம். ஊரில் இருக்கிற மாமாவிடம் சொன்னால், "மணி கிடக்கட்டும் தம்பி, மாதத்தில் ரெண்டு ஞாயிறு பூசையே இல்லை, சுவாமியின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கக் காசில்லை" என்கிறார். மாமா குழப்புகிறாரா, உண்மையைச் சொல்கிறாரா?

மாமா உண்மையைத்தான் சொல்கிறார். அதைத் துணிந்து சொன்னதற்கு நீங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது என்றால் ஊரில் யாரும் வாய் திறந்து "இது வேண்டாம், அது வேண்டும்" என்று சொல்ல மாட்டார்கள்.

படுவான்கரையில் ஒரு பங்கு என்றால் ஒரு கோயில் இல்லை. தாய்க்கோயில் ஒன்று, அதைச் சுற்றிக் கிளைக்கோயில்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வயல் வெளி, குளக்கட்டு, மாரி என்றால் தண்ணீர் மேவிப் பாயும் தாம்போதி. சில இடங்களில் பின்னேரம் யானை இறங்கிவிடும் என்று பூசை நேரத்தையே முன்னுக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள். 2014ல் மண்முனைத்துறைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல், ஆனால் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூர் போகிறவர் இன்னும் பாதைக்காரரின் நேரத்துக்குத்தான் காத்து நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரே ஆள், ஒரே மோட்டார் சைக்கிள். 2021 ஜூனுக்கு முன் லீற்றர் 137 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் அடுத்த வருஷம் ஜூன் கடைசியில் 470 ரூபாவைத் தொட்டதே, அப்போது காணிக்கைப் பையில் விழுகிற காசும் மூன்று மடங்கு கூடியதா? இல்லை. அந்த நேரம் உரத்தடையில் விளைச்சல் விழுந்து வயல்காரர்களே நொந்து போயிருந்தார்கள். அதோடு சில கிளைக்கோயில்களில் கிழமைப் பூசை மாதப் பூசையாகிப் போனது, திரும்பவும் பழைய நிலைக்கு வரவே இல்லை.

அப்படி ஒரு கோயிலில் ஞாயிறு காணிக்கையைக் கவிழ்த்து எண்ணுகிறபோது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். இருபது ரூபாத் தாள்கள், வேர்வையில் மடிந்து ஒட்டிப்போன ஐம்பதுகள், பிள்ளைகள் போட்ட பத்து ரூபாக் குற்றிகள். ஒரு ஐந்நூறு இருந்தால் அது விடுமுறைக்கு வந்து நிற்கிற யாரோ போட்டதாக இருக்கும். மேசையின் ஒரு பக்கத்தில் ஓலைப் பெட்டியில் ஆறேழு முட்டை, ஒரு சுரைக்காய், செய்தித்தாளில் சுற்றிய கச்சான். எண்ணி முடித்த சங்கிலித்தாம் (கோயில் பணியாளர்) அந்த ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையால் நீவி அடுக்கினார், கிழிந்ததைத் தனியாக வைத்து "இதை வங்கியில் மாத்தலாம்" என்றார். அந்தக் காசில்தான் மின்சாரக் கட்டணம், மெழுகுதிரி, அப்பம், இரசம், கூரை ஒழுகினால் ஓடு எல்லாம். சுவாமியின் பயணச் செலவு கடைசி வரிசையில் நிற்கும், பெரும்பாலும் அந்த வரிசை அவர்வரை வராது.

கோபுரம் கட்டினால் கட்டி முடிந்த நாளிலிருந்து அதுவும் சாப்பாடு கேட்கும். வர்ணம், இடிதாங்கி, கறையான், உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற கம்பி. ஏழைச் சபைக்குக் கட்டடத்தை மட்டும் பரிசளிப்பது அதன் தலையில் ஒரு மாதாந்தச் செலவைப் பரிசளிப்பதுதான். மட்டக்களப்பில் மெதடிஸ்த ஊழியம் கட்டடத்தோடா தொடங்கியது? 1814ல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி ஒரே ஆளாக வந்து இறங்கினார், அடுத்த வருஷம் ஏப்ரலில் இங்கேயே இறந்தும் போனார். ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை, ஆனால் அந்த மனிதர் நடந்து திரிந்து தொடங்கிய பள்ளிக்கூட வேலையைத்தான் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் தன் தொடக்கமாகச் சொல்கிறது. ஆள் முதலில், சுவர் பிறகு.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒதுக்கிய காசை ஒரேயடியாக அனுப்பாமல் மூன்று வருஷத்துக்குப் பிரித்து மாதாமாதம் அனுப்புங்கள். ஒரு பகுதி சுவாமியின் பயணத்துக்கு, ஒரு பகுதி அந்தக் கிளைக்கோயிலுக்கென்று ஒரு உபதேசியார் வைக்க. பூசை இல்லாத ஞாயிற்றில் வார்த்தை வழிபாடு நடத்த, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்க, படுத்த படுக்கையில் கிடப்பவருக்கு நன்மை கொண்டுபோக ஊரிலேயே ஒரு ஆள் இருந்தால் அந்தக் கோயில் உயிரோடு இருக்கும். உங்கள் அப்பாவின் பெயரை அந்த உதவிக்கு வையுங்கள். பங்கின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், எந்தச் சுவாமியின் சொந்தக் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம், நல்ல சுவாமி அதை விரும்பவும் மாட்டார். இன்ன காரியத்துக்கு என்று எழுத்தில் சொல்லி அனுப்புங்கள். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது, 1267வது பிரிவின் மூன்றாம் பகுதி. பங்கு நிதிக் குழுவிடம் வருஷத்துக்கு ஒரு கணக்குக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. அப்புறம் மாமாவையும் அந்தக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

படுவான்கரையிலிருந்து ஒரு போதகரின் மனைவி: என் கணவர் ஒரு சின்னச் சுயாதீன சபையை நடத்துகிறார். சபையில் எல்லாரும் கூலி வேலையும் ஆற்று மீனும். சம்பளம் என்று ஒன்றில்லை, காணிக்கையில் வாடகையும் கரண்ட் பில்லும் போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. நான் தையல் தைக்கிறேன், அப்படியும் மகனுக்கு ரியூசன் காசு கட்ட முடியவில்லை. அவர் வேலைக்குப் போனால் விசுவாசம் இல்லாத ஊழியர் என்று சபையார் பேசுவார்களாம். வாய் திறந்து கேட்கவும் வெட்கப்படுகிறார். நான் என்ன செய்ய?

மகள், உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் ஒன்று. உங்கள் தையல் மெசின்தான் இப்போது அந்தச் சபையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சபையார் தெரிந்துகொள்ள வேண்டும். ஊழியரின் குடும்பம் பட்டினி கிடப்பதைப் பரிசுத்தம் என்று நினைக்கிற பழக்கம் நம்மிடையே ஆழமாக ஊறிப்போய்க் கிடக்கிறது, அது வேதத்தில் இல்லாத பழக்கம்.

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தவர், உங்களைப் போலவே ஊசி பிடித்தவர். அவரை யாரும் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியுமா? அதே பவுல்தான் அதே கொரிந்து ஊராருக்கு எழுதும்போது, போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற பழைய கட்டளையை எடுத்துக் காட்டி, சுவிசேஷம் சொல்கிறவன் அதனாலேயே பிழைக்க வேண்டும் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். சூடு மிதிக்கிற எருமையைப் பார்த்து வளர்ந்த நம்முடைய ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பிலிப்பியிலிருந்து காசு வந்தபோது வாங்கிக்கொண்டார், வராதபோது வேலை செய்தார். இரண்டும் சரி.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் கணவர் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், அது அவருக்கும் கஷ்டம், கேட்கிற ஆட்களுக்கும் கஷ்டம். சபையில் நம்பிக்கையான மூன்று பேரை, அதில் கட்டாயம் ஒரு பெண் இருக்கட்டும், உட்கார வைத்து வீட்டுச் செலவை உள்ளபடி ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அரிசி இவ்வளவு, பிள்ளையின் படிப்பு இவ்வளவு, மருந்து இவ்வளவு. பிறகு அவர்களே பேசி மாதம் ஒரு தொகையைப் போதகருக்கான படியாகத் தீர்மானிக்கட்டும், சின்னத் தொகை என்றாலும் பரவாயில்லை, கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். மாதக் காணிக்கையில் முதலில் அது வெளியே வரட்டும், மற்றச் செலவுகள் பிறகு. மிஞ்சியதுதான் போதகருக்கு என்ற முறையை இன்றோடு விடுங்கள்.

சபைக் காசு சபைப் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும், இரண்டு கையெழுத்து, இரண்டில் ஒன்றும் உங்கள் கணவருடையதாக இருக்கக் கூடாது. இது அவரைச் சந்தேகிப்பதற்கு இல்லை, யாராவது ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தலை நிமிர்ந்து நிற்பதற்கு. சுயாதீன சபைகள் பல 2007ம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகப் பதிந்திருக்கின்றன, அப்படிப் பதிந்தால் வருஷாவருஷம் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். உங்களைப் போன்ற சின்னச் சபை பக்கத்துச் சபைகள் இரண்டு மூன்றோடு சேர்ந்து அதைச் செய்தால் செலவும் குறையும், துணையும் இருக்கும்.

கணவர் வேலைக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பகலில் பாதி நேர வேலை ஏதாவது பார்க்கட்டும், ஆனால் சபையாரிடம் முதலே சொல்லிவிட்டுப் போகட்டும், எந்த நேரம் வீடு சந்திப்பு, எந்த நேரம் வேலை என்று. ஒளித்துச் செய்தால்தான் பேச்சு வரும். வேலை கொடுக்கிறவர் 12 வீதமும் செய்கிறவர் 8 வீதமும் போடுகிற ஊழியர் சேமலாப நிதி அப்படிப்பட்ட வேலையில் கிடைத்தால் அதை விடவே வேண்டாம், வயது போன காலத்துக்கு உங்கள் கையில் வேறு என்ன இருக்கிறது?

இதைப் படிக்கிற சபையாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் போதகர் வீட்டில் ராத்திரி என்ன சமைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், நாளைக்கே ஒரு காரணத்தைச் சொல்லி அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்.

கிரானிலிருந்து ஒரு வாசகி: குழுக் கடன் எடுத்த காசிலும் தசமபாகம் கொடுக்க வேண்டுமா? கொடுக்காவிட்டால் சாபம் வரும் என்று சபையில் சொல்கிறார்கள். கிழமைக் கட்டுக்காசு கட்டவே வழியில்லாமல் இருக்கிறேன்.

வேண்டாம். ஒரு சதமும் வேண்டாம். கடன் வருமானம் இல்லை, அது அடுத்தவனுடைய காசு, வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதில் பத்தில் ஒன்று எடுத்துக் காணிக்கை போட்டால் நீங்கள் கொடுப்பது கடவுளுக்கு இல்லை, உங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டைக் கொடுக்கிறீர்கள். சாபம் என்று சொல்லிப் பயமுறுத்தி வாங்குகிற காசு எந்தச் சபையையும் காப்பாற்றாது.

ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மாற்கு 12ல் அதற்கு நேரே முந்திய வசனத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு கடுமையாகப் பேசி முடித்த கையோடுதான் அந்த விதவை வந்து நிற்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பிரசங்கிக்கிறவர்தான் நேர்மையான ஊழியர்.

உங்களுக்குக் கொடுக்க ஆசை இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது, அந்த ஆசையை நான் கெடுக்க வரவில்லை. இந்தியாவில் மிசோரம் என்ற மலை மாநிலத்தில் பிரெஸ்பிற்றேரியன் சபைப் பெண்கள் 1910ல் ஒரு வழக்கம் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், பிறகு எல்லா வீட்டு அரிசியையும் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். மலையில் இருந்த பரம ஏழைகள் தொடங்கிய காரியம், நூறு வருஷம் தாண்டியும் நடக்கிறது, அந்தச் சபை இன்றைக்குத் தன் ஊழியர்களைத் தானே தாங்குகிறது என்றால் அதில் இந்தப் பிடியரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. நம்முடைய வீடுகளிலும் பிடியரிசி எடுத்து வைக்கிற பழக்கம் இருந்ததுதானே. அதைச் செய்யலாம். அரிசி இல்லாத கிழமையில் அதுவும் வேண்டாம், சபைக்குள் யார் வீட்டில் அரிசி இல்லையோ அந்த வீட்டுக்கே அந்தப் பானையிலிருந்து போகட்டும்.

கட்டுக்காசுப் பிரச்சினைக்குத் தனியாக இருந்து அழ வேண்டாம். கடன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். இன்னொரு கடன் எடுத்து இந்தக் கடனைக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கல்முனையிலிருந்து ஒரு பங்குச் சபை உறுப்பினர்: நாங்களே கஷ்டப்பட்ட பங்கு. எங்கள் காசில் ஒரு பகுதியை ஆயர் இல்லத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்? எங்கள் சுவாமிக்கு நாங்களே கொடுத்தால் போதாதா?

உங்கள் பங்குக்குப் போதும், இன்றைக்கு. வாகரை போன்ற வறிய பங்குக்கு யார் கொடுப்பது?

மட்டக்களப்பு மறைமாவட்டம் 2012ல் திருகோணமலையிலிருந்து பிரிந்தபோது மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டமும் இதற்குள் வந்தது. நகரத்துப் பங்குகள் கொஞ்சம், வயலும் காடும் கடற்கரையுமான பங்குகள் மிச்சம். ஒவ்வொரு பங்கும் தன் சுவாமியைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன நடக்கும்? காசுள்ள இடத்துச் சுவாமி நன்றாக இருப்பார், காசில்லாத இடத்துக்குப் போகிறவர் தண்டனைக்குப் போகிற மாதிரிப் போவார், கொஞ்ச நாளில் அங்கே போக யாருக்கும் மனம் வராது. அதனால்தான் குருக்களின் பிழைப்புக்கென்று மறைமாவட்டத்தில் ஒரு பொது நிதி இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1274வது பிரிவில் சொல்லியிருக்கிறது.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஸ்கொட்லாந்திலிருந்து. 1843ல் அங்கே நானூறுக்கு மேற்பட்ட போதகர்கள் கொள்கைக்காக அரச ஆதரவுள்ள சபையை விட்டு வெளியேறினார்கள், ஒரே நாளில் சம்பளமும் இல்லை, குருமனையும் இல்லை. அவர்களுடைய தலைவர் தோமஸ் சால்மர்ஸ் அதற்கு முதலே ஒரு ஏற்பாட்டை யோசித்து வைத்திருந்தார். எல்லாச் சபையும் தன்னால் ஆனதை ஒரே நிதியில் போடும், அந்த நிதியிலிருந்து எல்லாப் போதகருக்கும் சமமான பங்கு போகும். எடின்பரோவின் வசதியான சபை கொடுத்த காசில் மலைநாட்டுக் குடியானவர்களின் போதகரும் சாப்பிட்டார். கொஞ்சம் கூட வேண்டுமென்றால் சொந்தச் சபை மேலதிகமாகக் கொடுக்கலாம், ஆனால் யாரும் விழாத ஒரு தரை எல்லாருக்கும் இருந்தது. மெதடிஸ்தரிடம் சேகரங்கள் பங்குப்பணம் கட்டுவதும் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது, "அனுப்புகிற காசு எங்கே போகிறது என்று எங்களுக்கு யார் சொல்வது" என்பது. அது நியாயமான கேள்வி. விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 1287வது பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு கட்டாயம், அது 537வது பிரிவு. அனுப்ப மாட்டோம் என்று நிற்காதீர்கள், அனுப்பிவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். இத்தனை பங்கிலிருந்து வந்தது, இன்ன இன்ன பங்குக்குப் போனது என்று ஒரு தாள் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டினால் அடுத்த வருஷம் காணிக்கை தானாகக் கூடும். சனம் கொடுக்க மறுப்பது கஞ்சத்தனத்தால் இல்லை, இருட்டுக்குள் போடப் பிடிக்காததால்.

ஆயித்தியமலைப் பக்கத்திலிருந்து: அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கக் கையில் காசில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

போய்ச் சுவாமியிடம் பெயரைக் கொடுங்கள். காணிக்கை இல்லாவிட்டாலும், குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று குருக்களுக்கு அழுத்திச் சொல்லியிருக்கிறது, திருச்சபைச் சட்டத்தின் 945வது பிரிவு. வறுமையைக் காரணம் காட்டி யாருக்கும் அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்பது 848வது பிரிவு. கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு இந்து ஆசிரியர்: கோபிக்காதீர்கள். வறிய ஊர்களில் சபைகளுக்கு வெளியிலிருந்து வருகிற காசு மதம் மாற்றத்தான் என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். அதைப் பலப்படுத்துவது சரியா?

கோபம் எதற்கு, சேர்? நேரே கேட்டீர்கள், நேரே சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகிலும் ஒரு கையில் நிவாரணப் பொதியும் மறு கையில் துண்டுப் பிரசுரமுமாக வந்த சிலரை நாங்களும் பார்த்தோம். பசித்தவனிடம் அப்படிப் பேரம் பேசுவது பாவம், அதற்கு வேறு சொல் இல்லை. உதவியை எந்த மத, அரசியல் நிலைப்பாட்டையும் முன்னெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994லேயே ஒரு நடத்தைக் கோவை எழுதிவைத்தன, கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரிதாஸ் அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

நான் கேட்கிற உதவி வேறு. ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒரு சின்னச் சமூகத்தின் ஊழியர் பிழைக்க வேண்டும் என்பது, உங்கள் ஊர்க் கோயில் பூசகரும் பிழைக்க வேண்டும் என்பது போலத்தான். அந்த ஆள் இருந்தால் அது கிறிஸ்தவருக்கு மட்டும் நன்மை இல்லை. யுத்த காலத்தில் பிள்ளையைத் தேடி முகாம் வாசலுக்குப் போன தாய்மார், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று உங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூனில் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹேபியர் என்று நம் ஆட்கள் கூப்பிட்ட இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமல் போனார், இன்றைக்கும் தடயம் இல்லை. இவர்கள் சனத்தோடு இருந்ததற்காகப் போனவர்கள்.

சபைகளுக்கும் நான் சொல்வது உண்டு. ஊழியரின் பிழைப்புக் காசுக்கு ஒரு கொப்பி, ஏழை உதவிக்கு இன்னொரு கொப்பி. இரண்டையும் கலக்காதீர்கள். ஏழை உதவிப் பட்டியலைக் கிராம சேவகரோடும் மற்றக் கோயில் தர்மகர்த்தாக்களோடும் சேர்ந்து போடுங்கள், அப்போது யார் வீட்டுக்கு எதற்காகப் போனது என்று ஊருக்கே தெரியும்.

தம்பிலுவிலிலிருந்து: எங்களுக்குப் பல வருஷம் ஊழியம் செய்த பழைய போதகர் ஓய்வு பெற்ற பிறகு வாடகை அறையில் இருக்கிறார். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

காலம் முழுக்கக் குருமனையில் இருந்தவருக்குச் சொந்த வீடு எப்படி வரும்? இப்போதைக்கு, அவர் ஊழியம் செய்த சபைகள் நாலைந்தும் பேசி வாடகையையும் மருந்தையும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், அவர் கையில் கொடுக்காமல் வீட்டுக்காரருக்கும் மருந்துக் கடைக்கும் நேரே கட்டுங்கள், அவர் நன்றி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வராது. இப்போது இருக்கிற போதகருக்கு இன்றிலிருந்தே அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைச் சபை திறக்கட்டும்.

மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஒரு வாலிபர் குழு: நாங்கள் ஒரு கிராமத்துச் சபையைத் தத்தெடுக்க நினைக்கிறோம். நத்தாருக்குப் போய்ப் பொதிகள் கொடுக்கலாம் என்று திட்டம். உங்கள் யோசனை?

மனம் நிறைந்து வாழ்த்துகிறேன் தம்பிமார், தங்கச்சிமார். ஆனால் தத்தெடுக்க வேண்டாம், அவர்கள் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் இல்லை. உறவு வைத்துக்கொள்ளுங்கள். உறவு என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்கும். அவர்களும் உங்கள் ஆலயத்துக்கு வந்து பாட வேண்டும், அவர்களுடைய போதகர் உங்கள் பிரசங்க மேடையில் நின்று பேச வேண்டும், அறுவடைப் பண்டிகைக்கு அவர்கள் கொண்டுவருகிற நெல்லையும் பூசணிக்காயையும் உங்கள் ஏலத்தில் நல்ல விலைக்கு எடுத்து அந்தக் காசு அவர்களுடைய போதகரின் படிக்குப் போக வேண்டும்.

நத்தாருக்கு எல்லாரும்தான் போகிறார்கள். டிசம்பர் மாதத்தில் ஒரே ஊருக்கு மூன்று வாகனம் பொதியோடு போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று தடவை வரிசையில் நின்றார்கள். நீங்கள் மற்ற மாதங்களைப் பாருங்கள். நெற்பயிர் நின்று கூலி வேலை இல்லாத நாட்கள், மாரியில் ஆறு பெருகித் தோணி இறக்க முடியாத கிழமைகள், ஜனவரியில் பாடசாலை திறக்கிறபோது கொப்பி வாங்குகிற நேரம். அந்த நாட்களில் காணிக்கை அடியோடு விழும், போதகர் வீட்டில் முதலில் தெரியும். இங்கிலாந்துச் சபை 2017லிருந்து வறிய இடங்களின் சபைகளுக்கென்றே தனி நிதி ஒதுக்குகிறது, அது வருஷாவருஷம் வரும் என்று தெரிவதால் அங்கே ஒரு ஊழியரை நியமிக்கத் துணிகிறார்கள். உங்கள் காசு சின்னதுதான், ஆனால் அதே துணிவை நீங்களும் கொடுக்கலாம். மாதம் ஐயாயிரம் என்றால் ஐயாயிரம், ஆனால் எந்த மாதமும் தவறாமல்.

முதல் தடவை போகும்போது பொதியும் வேண்டாம், கமராவும் வேண்டாம். நாலு பேர் போதும், அதில் ஒருவர் கணக்கு எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும். போதகரையும் சபை மூப்பர்களையும் அங்கே உள்ள பெண்களையும் சேர்த்து உட்கார வைத்து என்ன குறைகிறது என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள், உங்கள் பட்டியலை அங்கே கொண்டுபோகாதீர்கள். அவர்கள் தங்கள் பங்குக்கு என்ன போடுவார்கள் என்றும் அங்கேயே கேளுங்கள், பிடியரிசியானாலும் சரி. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். படுவான்கரைக்குப் போவதென்றால் பின்னேரம் நாலு மணிக்கு முன் திரும்புங்கள், வெளிப் பாதையில் யானை நிற்கும்.